துரைத்தனம் ராணிக்கு, ராஜ்யம் நமக்கு: வைத்தாங்கி ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுப் புத்தகங்களைப் புரட்டினால் ‘துரைத்தனத்தார்’ என்ற சொல் அடிக்கடி தட்டுப்படும். துரை என்ற சொல்லோடு ‘தனம்’ சேர்த்து, வெள்ளைக்காரர்கள் நடத்திய அரசாங்கத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர். அந்தச் சொல்லைக் கேட்டவர் மனத்தில் கலெக்டர் கச்சேரியும் வரியும் போலீசும் வந்து நின்றிருக்கும். ஊரும் காடும் குளமும் கோயிலும் இனி நம்முடையவை அல்ல என்ற பொருள் வந்திருக்காது.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் ஏறக்குறைய இப்படிப் பிறந்த ஒரு சொல் உண்டு. ‘கவர்னர்’ அவர்கள் நாவில் ‘காவனா’ ஆனது. அதோடு ‘தங்கா’ என்ற விகுதி சேர, ‘காவனதங்கா’. (தனம், தங்கா என்ற ஒலி ஒற்றுமை தற்செயல்தான். குமரிக்கண்டம் வரைக்கும் போக வேண்டாம்.) 1840ல் வைத்தாங்கி என்ற இடத்தில் செய்த ஒப்பந்தத்தில் மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷ் ராணிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது இந்தக் காவனதங்காவை. ஆனால் ஆங்கிலப் பிரதியில் அதே இடத்தில் இருந்த சொல் ‘இறைமை’. துரைத்தனத்தைக் கொடுத்தோம் என்கிறது ஒரு தரப்பு; நாட்டையே கொடுத்தீர்கள் என்கிறது மறுதரப்பு. 180 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கு தீரவில்லை. 2024 நவம்பரில் பல்லாயிரம் பேர் வெலிங்டன் நாடாளுமன்றத்தின் முன் திரண்டு நின்றதற்கும் அடியில் இருந்தது இந்தச் சொல்தான்.

1840ல் நியூசிலாந்து முழுவதும் சேர்த்து ஐரோப்பியர் சுமார் 2,000 பேர். மாவோரிகள் 70,000க்குக் குறையாமல் இருந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. இந்தக் கணக்கை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவுமே புரியாது. தோற்றுப்போன ஒரு மக்கள் கூட்டம் வென்றவனிடம் எழுதிக் கொடுத்த சரணாகதிப் பத்திரமல்ல அது. நிலமும் ஆள்பலமும் துப்பாக்கியும் கையில் வைத்திருந்த தலைவர்கள், வந்து குடியேறிய சிறு கூட்டத்தின் அரசோடு செய்துகொண்ட ஏற்பாடு. திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்கள் கொரொராரெக்கா துறையில் குடித்துவிட்டு அடாவடி செய்தார்கள். லண்டனில் நியூசிலாந்து கம்பெனி என்ற நிறுவனம் நிலம் வளைக்கக் கப்பல் அனுப்பியது. உங்கள் ஆட்களை நீங்களே வந்து அடக்குங்கள் என்று மாவோரித் தலைவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

லண்டன் அனுப்பியவர் கடற்படை கேப்டன் வில்லியம் ஹாப்சன். 1840 ஜனவரி 29 அன்று வந்து இறங்கினார். அங்கே ஏற்கெனவே பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் பஸ்பியின் உதவியோடு ஆங்கில வரைவைத் தயாரித்தார். பிப்ரவரி 4 மாலை அது மிஷனரி ஹென்றி வில்லியம்ஸ் கைக்குப் போயிற்று. அவரும் அவர் மகன் எட்வர்டும் ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்தார்கள். ஒரு தேசத்தின் தலைவிதிக்கு ஓர் இரவு. மறுநாள் வைத்தாங்கியில் கூடாரத்தின் கீழ் கூட்டம். எதிர்த்துப் பேசிய தலைவர்களும் இருந்தார்கள், ஏற்கலாம் என்றவர்களும் இருந்தார்கள். பிப்ரவரி 6 அன்று கையெழுத்து. முதலில் கையெழுத்திட்டவர் வடக்கைச் சேர்ந்த ங்காப்புஹி மக்களின் தலைவர் ஹோனே ஹேகே.

கையெழுத்து தொடங்கும் நேரத்தில் ஒருவர் குறுக்கிட்டார். வில்லியம் கொலென்சோ, மிஷன் அச்சகத்துக்காரர். இவர்களுக்கு இதில் எழுதியிருப்பது உண்மையிலேயே விளங்கியிருக்கிறதா என்று ஹாப்சனிடம் கேட்டார். விளங்க வைக்க என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்ற தோரணையில் ஹாப்சன் பதில் சொல்லி மேலே போய்விட்டார். கொலென்சோ தமிழர்களுக்கு வேறொரு வகையிலும் வேண்டியவர். 1830களில் நியூசிலாந்தின் வட பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்து, அதை வாங்கிப் பத்திரப்படுத்தினார். அது பாத்திரமல்ல, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழ் எழுத்து பொறித்த உடைந்த மணி. இன்றும் வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகும் தமிழர்களில் எத்தனை பேருக்கு, அதே மனிதர்தான் ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதியை அச்சடித்தவர், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் என்று தெரியுமோ.

சரி, என்னதான் எழுதியிருந்தது? ஒப்பந்தம் மிகச் சிறியது. முன்னுரை, மூன்று பிரிவுகள், முடிவுரை.

ஆங்கிலப் பிரதியின் முதல் பிரிவில், தலைவர்கள் தங்கள் இறைமைக்குரிய எல்லா உரிமைகளையும் அதிகாரங்களையும் ராணிக்கு முற்றாக விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரியில் அவர்கள் கொடுப்பது காவனதங்கா. இரண்டாம் பிரிவில், ஆங்கிலப்படி நிலம், காடு, மீன்பிடி இடங்கள் ஆகியவற்றின் மேல் அவர்களுடைய உடைமை தொடரும். மாவோரிப்படி அவர்களுக்கு உறுதியளிக்கப்படுவது வெறும் உடைமையல்ல, ‘தீனோ ரங்கதிரதங்கா’. ரங்கதிரா என்றால் தலைவன். ரங்கதிரதங்கா தலைமை, ஆளுகை. தீனோ என்பது ‘முழுமையான’. அந்த முழுத் தலைமை நிலத்தின் மேலும் குடியிருப்புகளின் மேலும் ‘தாவோங்கா’ எல்லாவற்றின் மேலும் இருக்கும். தாவோங்கா என்பது போற்றிக் காக்கும் செல்வம். நிலத்தை விற்பதானால் ராணியின் அரசுக்கே முதலில் விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதே பிரிவில்தான். மூன்றாம் பிரிவு பிரிட்டிஷ் குடிமக்களுக்குள்ள உரிமைகளையும் பாதுகாப்பையும் மாவோரிகளுக்கும் தருகிறது. அதில் இரண்டு பிரதிகளுக்கும் பெரிய பிணக்கு இல்லை.

இந்தச் சொற்கள் 1840ல் ஒரு மாவோரியின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அதை அறிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் எழுத்துக் கற்றது விவிலியத்தில். மாவோரி விவிலியத்தில் ‘காவனா’ என்று வருபவர் பொந்தியு பிலாத்து; தமிழ் விவிலியத்தில் ‘தேசாதிபதி’ என்கிறோமே, அவர். ரோமாபுரியில் இருக்கும் பேரரசனுக்காக ஒரு மாகாணத்தில் அமர்ந்து நிர்வாகம் பார்ப்பவர். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று நாம் சொல்லும் இடத்தில் மாவோரிகள் சொல்வது ‘உம்முடைய ரங்கதிரதங்கா வருவதாக’. கடவுளின் ராஜ்யத்துக்கு நிகரான சொல் தலைவர்களிடமே இருக்கிறது. பிலாத்துவின் உத்தியோகம் ராணிக்குப் போகிறது. இப்படிப் படித்தவர் யாராவது, நாம் நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பாரா?

மொழிபெயர்த்தவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை என்று சமாதானம் சொல்வதுண்டு. அது நிற்காது. ஐந்தாண்டுகளுக்கு முன், 1835 அக்டோபர் 28 அன்று, வடக்குத் தலைவர்கள் 34 பேர் ஒரு சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் பஸ்பி. மாவோரி வாசகத்தில் வில்லியம்ஸுக்குப் பங்குண்டு. அதில் இறைமை என்ற கருத்துக்கு ‘கீங்கிதங்கா’, ‘மானா’ என்ற சொற்கள் வந்தன. நிலத்தின் மேலுள்ள மானா. தலைவனின் பெருமை, அதிகாரம், அருள் எல்லாம் அடங்கிய சொல் அது. உங்கள் மானாவை ராணிக்குக் கொடுங்கள் என்று 1840ல் எழுதியிருந்தால் ஒருவர்கூடப் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார். வில்லியம்ஸ் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, அல்லது மாவோரிகளின் நன்மைக்கு ஒப்பந்தம் நிறைவேறியே ஆக வேண்டும் என்று நம்பி மென்மையான சொல்லைத் தேடினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் நேர்ந்த பிழை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு ஒப்பந்தத் தாள்கள் நாடெங்கும் சுற்றின. 500க்கு மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஆங்கிலப் பிரதியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர்; மற்ற அனைவரும் ஒப்புக்கொண்டது மாவோரிப் பிரதியை. கையெழுத்திட மறுத்த பெருந்தலைவர்களும் இருந்தார்கள். வைக்காட்டோவின் தே வெரோவெரோ அவர்களில் ஒருவர். தாள்கள் திரும்பி வரும் வரை ஹாப்சன் காத்திருக்கவில்லை. மே 21 அன்றே, வட தீவு ஒப்பந்தத்தால் கிடைத்தது, தென் தீவு கண்டுபிடிப்பால் கிடைத்தது என்று சொல்லி நாடு முழுவதும் பிரிட்டிஷ் இறைமையைப் பிரகடனம் செய்துவிட்டார். ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக மக்கள் வாழ்ந்த தீவைக் ‘கண்டுபிடித்த’ கதை நமக்குப் புதிதல்ல.

கையெழுத்திட்டவர்களில் ஒருவரான நோப்பெரா பனகரேயாவ் சொன்னது அந்த நாட்டில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். நிலத்தின் நிழல்தான் ராணிக்குப் போகிறது, நிலம் நம்மோடு இருக்கிறது என்றார். சிறிது காலத்தில் அவரே அதைத் திருப்பிச் சொன்னார்: நிலம் போய்விட்டது, நிழல்தான் நமக்கு மிச்சம். முதலில் கையெழுத்திட்ட ஹோனே ஹேகே, கொரொராரெக்காவில் பிரிட்டிஷ் கொடி பறந்த கம்பத்தை 1844-45ல் நான்கு முறை வெட்டிச் சாய்க்க வைத்தார். வடக்கில் போர் மூண்டது.

நிலம் போன வழிகள் பல. தென் தீவில் 1848ல் நடந்த ஒரே பேரத்தில் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு 2,000 பவுனுக்குக் கைமாறியது. அதற்கு ஈடாக ஒதுக்குவதாகச் சொன்ன நிலங்களும் சொன்னபடி கிடைக்கவில்லை. வட தீவில் 1860களின் போர்களுக்குப் பின் ‘கலகக்காரர்’ நிலம் என்று சட்டம் போட்டுப் பறிமுதல் செய்தார்கள். வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர். இவற்றையெல்லாம்விட அமைதியாக வேலை செய்தது 1865ல் அமைந்த நிலத் தீர்ப்பாயம். மாவோரி நிலம் குலத்துக்குப் பொது. தீர்ப்பாயம் அதைச் சில பெயர்களில் பட்டாவாக மாற்றியது. ஆரம்பத்தில் ஒரு பட்டாவில் பத்துப் பேருக்கு மேல் பெயர் சேர்ப்பதில்லை. குலத்தின் நூற்றுக்கணக்கான மக்கள் பட்டாவுக்கு வெளியே நின்றார்கள். பெயர் இருந்தவரைக் கடனிலும் சர்வே செலவிலும் சிக்கவைத்து நிலத்தை எழுதி வாங்குவது எளிது. கூட்டுப்பட்டாவில் பெயர் விடுபட்ட குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டு. இந்த வேலை எப்படி நடக்கும் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நியூசிலாந்தின் பரப்பில் மாவோரி நிலம் என்ற வகையில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

நீதிமன்றம் கைகொடுத்ததா? 1877ல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட், இந்த ஒப்பந்தம் சட்டப்படி வெறும் செல்லாக் காகிதம் என்று சொல்லிவிட்டார். காகிதத்தையும் அப்படித்தான் நடத்தினார்கள். 1908ல் அரசு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒப்பந்தத் தாள்களைக் கண்டெடுத்தபோது அவற்றில் தண்ணீர் பட்டிருந்தது, எலி கடித்திருந்தது. ஓரங்கள் அரிக்கப்பட்ட அந்தத் தோல்தாளை இன்று வெலிங்டன் தேசிய நூலகத்தில் மங்கலான ஒளியில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

அரசு மறந்தது. மாவோரிகள் மறக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக மனு எழுதினார்கள், லண்டனுக்குத் தூது போனார்கள். 1975ல் 79 வயதான வீனா கூப்பர் வட தீவின் வடமுனையிலிருந்து வெலிங்டனுக்கு ஆயிரம் கிலோமீட்டர் நடைப்பயணம் நடத்தினார். அதே ஆண்டு, மாவோரி விவகார அமைச்சர் மத்தியூ ராட்டாவின் முயற்சியால், ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தை அமைக்கும் சட்டம் வந்தது. முதலில் தீர்ப்பாயத்துக்கு 1975க்குப் பிந்தைய குறைகளை மட்டுமே விசாரிக்க அனுமதி. நிலமெல்லாம் போன பிறகு போவதற்கு என்ன இருக்கிறது? 1985ல்தான் 1840 வரைக்கும் பின்னோக்கிப் போகலாம் என்று திருத்தினார்கள். அத்தனை ஆண்டுக் கணக்கும் அப்போதுதான் மேசைக்கு வந்தது.

தீர்ப்பாயம் என்றதும் உத்தரவு போடும் நீதிமன்றம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது விசாரித்துப் பரிந்துரைக்கும், அவ்வளவே. ஆனாலும் அதன் சில அறிக்கைகள் நாட்டின் போக்கை மாற்றின. எனக்கு நெருக்கமானது மொழி பற்றியது. பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. ஒப்பந்தத்தில் காப்பதாகச் சொன்ன தாவோங்காக்களில் எங்கள் மொழியும் ஒன்று என்று மனு போட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை; அதில் இருப்பது நிலமும் காடும் மீனும் பிற சொத்துகளும்தான். மாவோரிப் பிரதியின் ஒரு சொல் ஒரு மொழியையே தாங்கிப் பிடித்தது. தீர்ப்பாயம் ஏற்றது, 1987ல் மாவோரி ஆட்சி மொழியானது.

அதே 1987ல் இன்னொன்றும் நடந்தது. அரசு தன் நிலங்களைப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு மாற்றத் தொடங்கியபோது, பிறகு மாவோரிகளுக்குத் திருப்பித் தர எதுவும் மிஞ்சாது என்று மாவோரி மன்றம் வழக்குப் போட்டது. அந்த மாற்றத்துக்காகக் கொண்டுவந்த சட்டத்தின் 9ஆம் பிரிவில், ஒப்பந்தத்தின் ‘கோட்பாடுகளுக்கு’ முரணாக அரசு நடக்கக் கூடாது என்றிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவர் ராபின் குக், இது கூட்டாளிகளுக்கிடையிலான உறவைப் போன்றது, இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு நடக்கக் கடமைப்பட்டவை என்றார். ‘கோட்பாடுகள்’ என்ற சொல் ஏன் வந்தது? இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகாததால் வாசகத்தை விட்டு அதன் சாரத்தைப் பிடித்தார்கள். கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் எந்தப் பிரதி ஒப்பந்தம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கிற வழியும்கூட. இரண்டு பிரதிகள் முரண்பட்டால் எழுதிய தரப்புக்கு எதிராகவே, பூர்வகுடிகளின் மொழியில் உள்ள பிரதிக்கே எடை தர வேண்டும் என்ற நெறி பன்னாட்டுச் சட்ட விவாதங்களில் உண்டு. அதை முழுசாக ஏற்றால் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தையே தொட வேண்டிவரும்.

1990களிலிருந்து அரசு ஒவ்வொரு குலத்தோடும் தனித்தனியாக இழப்பீட்டு உடன்படிக்கை செய்துவருகிறது. 1995ல் வைக்காட்டோ-தைனுயி மக்களுக்கு 17 கோடி டாலர் மதிப்பில் நிலமும் பணமும், எழுத்தில் ஒரு மன்னிப்பும். அந்தச் சட்டத்துக்கு எலிசபெத் ராணி நேரில் வந்து ஒப்புதல் கையெழுத்திட்டார். 1998ல் தென் தீவின் ங்காய் தாஹு மக்களுக்கும் 17 கோடி. 2017ல் வாங்கனுயி ஆற்றைச் சட்டம் ஓர் ஆளாகவே ஏற்றது. ‘ஆறே நான், நானே ஆறு’ என்பது அந்த ஆற்றங்கரை மக்களின் பழமொழி. இந்த உடன்படிக்கைகளைக் கேலி செய்ய மாட்டேன். அவை பள்ளிக்கூடங்களாகவும் வேலைகளாகவும் மாறியிருக்கின்றன. ஆனால் இழந்ததோடு ஒப்பிட்டால் சிறு துண்டு. கையெழுத்திட்டதும் பழைய குறைகள் அனைத்தும் தீர்ந்ததாகக் கணக்கு முடிகிறது. பேச்சுவார்த்தையில் எதைப் பேசலாம், எவ்வளவு தரலாம் என்று தீர்மானிப்பதும் தவறிழைத்த தரப்புதான்.

பக்கத்து ஆஸ்திரேலியாவில் இந்த ஓட்டை ஒப்பந்தம்கூட இல்லை. ஆளில்லா நிலம் என்ற பாவனையில் பிடித்துக்கொண்டார்கள். 1992ல் மாபோ வழக்கில்தான் உயர் நீதிமன்றம் அந்தப் பாவனையைத் தள்ளியது. 1988ல் பிரதமர் பாப் ஹாக் ஒப்பந்தம் செய்வதாக வாக்களித்தார், நடக்கவில்லை. பூர்வகுடிகளுக்கு அரசமைப்பில் ஓர் ஆலோசனை மன்றம் கேட்ட 2023 வாக்கெடுப்பையும் மக்கள் நிராகரித்தார்கள். 2025ல் விக்டோரியா மாநிலம் மட்டும் பூர்வகுடி மக்களோடு ஒப்பந்தச் சட்டம் இயற்றியது. பின்னாளில் தகராறு வந்தாலும், வாதாட ஒரு காகிதம் வேண்டும் என்பதை அவர்கள் வைத்தாங்கியைப் பார்த்தே கற்றிருக்கலாம்.

நியூசிலாந்துக்குத் திரும்புவோம். 2014 நவம்பரில் வைத்தாங்கி தீர்ப்பாயம் வடக்கு மக்களின் வழக்கில் ஒரு முடிவைச் சொன்னது: 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட தலைவர்கள் இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை. கவர்னர் தன் ஆட்களை ஆள்வார், தலைவர்கள் தங்கள் மக்களை ஆள்வார்கள், இருவரும் சமமாக இருப்பார்கள் என்றே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். விவிலியம் படித்த ஒரு மாவோரிக்கு அன்றே விளங்கியது, அரசு அமைத்த தீர்ப்பாயத்துக்கு விளங்க 174 ஆண்டு. இறைமை அரசிடமே இருக்கிறது என்று அமைச்சர் உடனே சொல்லிவிட்டார்.

2023ல் அமைந்த கூட்டணியில் ஆக்ட் கட்சி, ஒப்பந்தத்தின் கோட்பாடுகள் எவை என்று நாடாளுமன்றமே வரையறுக்கும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அதன் தலைவர் டேவிட் சீமோர் தாமும் ங்காப்புஹி வழி வந்தவர். நீதிபதிகளும் தீர்ப்பாயமும் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கிய பொருளை மக்கள் விவாதித்துத் தீர்மானிக்கட்டும், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதே கோட்பாடாகட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இருவர் செய்த உடன்படிக்கையின் பொருளை ஒருவர் மட்டும் கைதூக்கித் தீர்மானிப்பதற்குச் சமத்துவம் என்று பெயரில்லை. மாவோரிகள் இன்று மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 2024 நவம்பர் 14 அன்று இளம் உறுப்பினர் ஹானா மைப்பி-கிளார்க் மசோதாவைக் கிழித்துவிட்டு அவையில் ஹாக்கா என்ற மாவோரி மரபு ஆட்டத்தைத் தொடங்கிய காட்சி நம் கைபேசிகளுக்கும் வந்தது. ஐந்து நாள் கழித்து, வடமுனையிலிருந்து புறப்பட்ட நடைப்பயணம் வெலிங்டனை அடைந்தது. போலீஸ் கணக்கில் 42,000 பேர். 3 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன, பெரும்பாலானவை எதிர்ப்பு. 2025 ஏப்ரல் 10 அன்று 112க்கு 11 என்று மசோதா தோற்றது.

தோற்றது அந்த மசோதாதான். ஒப்பந்தம் நேரடியாகச் சட்டமாகாது, நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் அதைச் சேர்த்தால் மட்டுமே நீதிமன்றம் அதை நேரடியாக அமலாக்கும் என்ற, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலின் 1941ஆம் ஆண்டு நிலைப்பாடு இன்னும் நீடிக்கிறது. ஆகவே சட்டங்களில் இருக்கும் அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் போதும், ஒப்பந்தம் மறுபடி அடித்தளத்து அறைக்குப் போய்விடும். குறிப்புகளை மறுஆய்வு செய்வதும் அதே கூட்டணியின் உடன்பாட்டில் உள்ள வேலைதான்.

வட தீவின் கிழக்குக் கரையில் தே வானாவ்-ஆ-அபானுயி என்ற குலம். முந்தைய அரசோடு அது பேசி முடித்த இழப்பீட்டு வரைவில் ஒரு புதுமை இருந்தது: இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று குலம் சொல்கிறது, இறைமை தன்னிடம் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, இந்தக் கருத்து வேற்றுமையை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்கின்றன. புதிய அரசு அந்த வாசகத்தை ஏற்க முடியாது என்றது. ஹோனே ஹேகேயின் ங்காப்புஹி, மாவோரிக் குலங்களிலேயே மிகப் பெரியது, முதல் கையெழுத்தைப் போட்டது, இன்னும் மொத்த இழப்பீட்டு உடன்படிக்கை எதிலும் கையெழுத்திடவில்லை.